ஆர்சி வடிகட்டிச் சுற்று: நேர மாறிலியும் மின்னோட்டமும் படிப்படியாகக் கணிப்பது எப்படி?

ஒரு தடையி (ரெசிஸ்டர், R), ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர், C). இரண்டின் பெறுமானத்தையும் பெருக்கினால் நேர மாறிலி, அதாவது கொள்ளளவி எவ்வளவு விரைவாக ஏறும், இறங்கும் என்பதன் அளவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். ஆனாலும் செய்முறை மேசையிலோ, அம்ப்ளிபயர் திருத்தும் கடையிலோ அதே பெருக்கல் பிழையாகிப் போகிறது. கணக்கில் 10 செக்கன் வரும், மீற்றரில் 2 செக்கன்கூட வராது.

பிழை பெருக்கலில் இல்லை, எந்தத் தடையைப் பெருக்குகிறோம் என்பதில் இருக்கிறது. சுற்றுப் படத்தில் கொள்ளளவிக்குப் பக்கத்தில் வரைந்திருக்கும் தடையியை எடுத்துப் பெருக்கிவிடுகிறோம். கொள்ளளவி உணர்வதோ, தன் இரண்டு கால்களுக்கும் இடையில் சுற்று முழுவதும் சேர்ந்து தரும் தடையை. இதைப் பிடித்துக்கொண்டால் வடிகட்டி, டைமர், பவர் சப்ளை எல்லாம் ஒரே கணக்காகிவிடும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ ஒரு மல்டிமீற்றரும் 9 வோல்ற்று பற்றரியும் வைத்துப் பழகும் மாணவருக்காகவும், கையில் வேலை இருந்தும் கணக்கைத் தள்ளிவைத்திருப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெறுமானத்தை வாசிப்பதும் அலகும்

சின்னக் கொள்ளளவிகளில் மூன்று இலக்கம் இருக்கும். 103 என்றால் 10க்குப் பின் மூன்று பூச்சியம், பிக்கோ பரட்டில். அதாவது 10,000 பிக்கோ பரட், அல்லது 10 நனோ பரட். அதேபோல 104 என்பது 100 நனோ பரட், அதாவது 0.1 மைக்ரோ பரட். 472 என்பது 4.7 நனோ பரட். தடையியில் கபிலம், கறுப்பு, செம்மஞ்சள் என்று வரிசையாக இருந்தால் 10 கிலோ ஓம்.

பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூன்று பெருக்கல் போதும்:

மெகா ஓம் × மைக்ரோ பரட் = செக்கன்
கிலோ ஓம் × மைக்ரோ பரட் = மில்லி செக்கன்
கிலோ ஓம் × நனோ பரட் = மைக்ரோ செக்கன்

இன்னொன்று. எலெக்ட்ரோலிற்றிக் கொள்ளளவியில் எழுதியிருக்கும் பெறுமானம் பெரும்பாலும் 20 சதவீதம் கூடலாம், குறையலாம். தங்க நிற வளையம் உள்ள தடையி 5 சதவீதம். ஆகவே விடையை நான்கு தசமத்துக்கு எழுதுவதில் பயன் இல்லை. சோதனையில் 10 செக்கனுக்குப் பதில் 11.5 வந்தால் அது உங்கள் பிழை அல்ல.

முதல் சுற்று: கண்ணால் பார்க்கக்கூடிய 10 செக்கன்

9 வோல்ற்று பற்றரி, ஓர் ஆளி, 10 கிலோ ஓம் தடையி, 1000 மைக்ரோ பரட் எலெக்ட்ரோலிற்றிக். எல்லாம் தொடரில். எலெக்ட்ரோலிற்றிக்கின் மறைப் பக்கத்தைப் பார்த்து மாட்டுங்கள், மாறினால் அது வெடிக்கக்கூடும்.

நேர மாறிலி = 10 × 1000 = 10,000 மில்லி செக்கன் = 10 செக்கன்.

ஆளியை மூடும் கணத்தில் கொள்ளளவியில் ஏற்றம் இல்லை, அதன் குறுக்கே வோல்ற்றளவும் இல்லை. 9 வோல்ற்றும் தடையியின் மேல்தான். ஆகவே தொடக்க மின்னோட்டம் 9 ÷ 10 = 0.9 மில்லி அம்பியர். மின்னோட்டம் மிகக் கூடுதலாக இருப்பது இந்தக் கணத்தில்தான். அதன்பின் கொள்ளளவியின் வோல்ற்றளவு ஏற ஏற, தடையிக்கு மிஞ்சும் வோல்ற்றளவு குறையும், மின்னோட்டமும் கூடவே குறையும்.

ஒவ்வொரு நேர மாறிலி கழியும்போதும் மின்னோட்டம் முன்பு இருந்ததில் 0.368 பங்காகும். இது 1ஐ 2.718ஆல் வகுத்தால் வரும் எண். நம் சுற்றில் இப்படி வரும்:

10 செக்கனில் 0.33 மில்லி அம்பியர், கொள்ளளவியில் 5.69 வோல்ற்று
20 செக்கனில் 0.12 மில்லி அம்பியர், 7.78 வோல்ற்று
30 செக்கனில் 0.045 மில்லி அம்பியர், 8.55 வோல்ற்று
50 செக்கனில் 0.006 மில்லி அம்பியர், 8.94 வோல்ற்று

ஐந்து நேர மாறிலி கழிந்தால் "நிரம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மிச்சம் 0.7 சதவீதம்தான். பாதிக்கு வர எடுக்கும் நேரம் 0.69 நேர மாறிலி, இங்கே ஏறத்தாழ 7 செக்கன்.

குறிப்பிட்ட ஒரு வோல்ற்றளவுக்கு வர எவ்வளவு நேரம் என்று கேட்டால், வழங்கும் வோல்ற்றளவை மிஞ்சியிருக்கும் வோல்ற்றளவால் வகுங்கள், வரும் எண்ணின் இயற்கை மடக்கையை (கல்குலேற்றரில் ln) நேர மாறிலியால் பெருக்குங்கள். 6 வோல்ற்றுக்கு வர: 9 ÷ 3 = 3, அதன் இயற்கை மடக்கை 1.1. ஆகவே 11 செக்கன். இந்த 1.1 கொஞ்சத்தில் திரும்பவும் வரும்.

கொள்ளளவியின் கால்களில் இருந்து பார்ப்பது

இனித்தான் முக்கியமான இடம். படிகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஓர் உதாரணம்.

முதலில் கொள்ளளவியை மனதில் கழற்றிவிடுங்கள். வோல்ற்றளவு முதல் (பற்றரி போன்ற மின் ஊற்று) எதுவாக இருந்தாலும் அதை ஒரு வெறும் கம்பியாக மாற்றுங்கள். இப்போது கொள்ளளவி இருந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஓம்மீற்றர் வைத்தால் என்ன காட்டுமோ, அதுதான் சமவலுத் தடை. அதைக் கொள்ளளவத்தால் பெருக்கினால் நேர மாறிலி. அப்புறம் தொடக்கப் பெறுமானம்: ஏற்றம் இல்லாத கொள்ளளவியைக் கம்பியாக வைத்து ஒவ்வொரு மின்னோட்டத்தையும் காணுங்கள். கடைசிப் பெறுமானம்: கொள்ளளவியை அறுந்த இணைப்பாக வைத்துத் திரும்பக் காணுங்கள். இடைப்பட்ட எந்த நேரத்திலும் பெறுமானம் = கடைசி + (தொடக்கம் − கடைசி) × மிச்சப் பங்கு. அந்த மிச்சப் பங்கு ஒரு நேர மாறிலியில் 0.368, இரண்டில் 0.135, மூன்றில் 0.05.

உதாரணம்: 12 வோல்ற்று முதல், 10 கிலோ ஓம் தடையிகள் இரண்டு தொடரில். கீழுள்ள தடையிக்குச் சமாந்தரமாக 100 மைக்ரோ பரட் கொள்ளளவி. பெரும்பாலானோர் 10 × 100 = 1 செக்கன் என்று எழுதுவார்கள். முதலைக் கம்பியாக்கிப் பாருங்கள். கொள்ளளவியின் கால்களில் இருந்து பார்த்தால் இரண்டு தடையிகளும் சமாந்தரம். சமவலுத் தடை 5 கிலோ ஓம், நேர மாறிலி 0.5 செக்கன்.

மின்னோட்டம்? தொடக்கத்தில் கொள்ளளவி கம்பி மாதிரி, கீழ்த் தடையியைக் குறுக்கிவிடுகிறது. மேல் தடையியில் 12 ÷ 10 = 1.2 மில்லி அம்பியர், அது முழுவதும் கொள்ளளவிக்குள் போகும், கீழ்த் தடையியில் பூச்சியம். கடைசியில் கொள்ளளவியில் பூச்சியம், இரண்டு தடையிகளிலும் 12 ÷ 20 = 0.6 மில்லி அம்பியர், கொள்ளளவியில் 6 வோல்ற்று. 0.5 செக்கனில் கொள்ளளவியில் 3.79 வோல்ற்று, மேல் தடையியில் 0.82, கீழ்த் தடையியில் 0.38, கொள்ளளவிக்குள் 0.44 மில்லி அம்பியர். 0.38 உடன் 0.44ஐக் கூட்டினால் 0.82. இந்தக் கூட்டல் சரிவரவில்லை என்றால் எங்கோ பிழை, திரும்பப் பாருங்கள்.

இப்போது முதலைக் கழற்றி இணைப்பை அறுத்துவிட்டால்? மேல் தடையி அந்தரத்தில் நிற்கிறது, அதன் வழியாக ஓட்டம் இல்லை. கொள்ளளவி கீழ்த் தடையி வழியாக மட்டும் இறங்குகிறது. நேர மாறிலி இப்போது 1 செக்கன், தொடக்க மின்னோட்டம் 0.6 மில்லி அம்பியர், அதுவும் எதிர்த் திசையில். ஒரே சுற்று ஏறும்போது 0.5, இறங்கும்போது 1. நேர மாறிலியைக் கொள்ளளவியில் ஒட்டிய லேபிளாக நினைத்தால் இது புரியாது.

மீற்றரும் ஒரு தடைதான்

முதல் சுற்றில் 10 செக்கன் வேண்டும் என்றால் 1 மெகா ஓமும் 10 மைக்ரோ பரட்டும் போட்டாலும் அதே 10 செக்கன்தானே? காகிதத்தில் ஆம். கொள்ளளவியின் குறுக்கே டிஜிற்றல் மல்டிமீற்றரை வைத்தால் அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது 1 மெகா ஓமுக்குச் சமாந்தரம்: 0.91 மெகா ஓம். நேர மாறிலி 9.1 செக்கன், கடைசி வோல்ற்றளவு 9 அல்ல, 8.2.

முள் மீற்றர் என்றால் நிலைமை மோசம். வோல்ற்றுக்கு 20 கிலோ ஓம் என்று முகப்பில் எழுதிய மீற்றரை 10 வோல்ற்று வீச்சில் வைத்தால் அதன் தடை 200 கிலோ ஓம். நேர மாறிலி 1.67 செக்கன், முள் 1.5 வோல்ற்றோடு நின்றுவிடும். தொடக்கத்தில் சொன்ன "10 வர வேண்டிய இடத்தில் 2கூட வராது" என்ற கதை இதுதான். சுற்றில் குற்றம் இல்லை.

நம் கரையோரத்துக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. காரைதீவு, கல்முனை, கல்லடி போன்ற இடங்களில் கடற்காற்றின் உப்பு அச்சுப் பலகையில் படிந்து, ஈரம் பிடித்து, கால்களுக்கு இடையே மெல்லிய கடத்தும் படலமாகிவிடும். ஒரு கொள்ளளவி ஏறும் நேரத்தை வைத்து நேரம் கணிக்கும் ஐசியான 555 டைமரை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவியின் வோல்ற்றளவு வழங்கலின் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் அது அணையும். 9 வோல்ற்றில் அந்த எல்லை 6 வோல்ற்று. 555இன் நேரச் சூத்திரத்தில் வரும் 1.1 மேலே பார்த்த அதே 1.1தான். 1 மெகா ஓம், 10 மைக்ரோ பரட் என்றால் 11 செக்கன். கொள்ளளவிக்குக் குறுக்கே உப்புப் படலம் 2 மெகா ஓம் கொடுத்தால், கடைசி வோல்ற்றளவே 6 வோல்ற்றுத்தான். எல்லையை அது நெருங்கும், தாண்டாது. டைமர் போட்டது போட்டபடியே நிற்கும். 555ஐ மாற்றிப் பயன் இல்லை. ஐசோபுரோப்பைல் அல்ககோலால் பலகையைத் துடைத்துக் காயவைத்து வார்னிஷ் பூசுங்கள். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் தடையைப் பத்தில் ஒன்றாக்கிக் கொள்ளளவத்தைப் பத்து மடங்காக்குங்கள். நேரம் அதேதான், கசிவின் தாக்கம் பெரிதும் குறையும்.

வடிகட்டியாகப் பார்த்தால்

இதே தொடர்ச் சுற்றுக்கு ஆடலோட்டம் (ஏசி) கொடுங்கள். கொள்ளளவியின் குறுக்கே வெளியீட்டை எடுத்தால் தாழ் மீடிறன் (செக்கனுக்கு வரும் அலைகளின் எண்ணிக்கை, அதாவது அதிர்வெண்) கடக்கும், உயர் மீடிறன் தேயும். தடையியின் குறுக்கே எடுத்தால் மறுதலை. எங்கே தேயத் தொடங்குகிறது என்பதைச் சொல்வது வெட்டு மீடிறன். அது 1ஐ 6.28 × நேர மாறிலியால் வகுத்தது. நேர மாறிலி மில்லி செக்கனில் இருந்தால், 159ஐ அதனால் வகுங்கள், ஹேர்ட்ஸில் விடை வந்துவிடும். வெட்டு மீடிறனில் வெளியீடு உள்ளீட்டின் 0.707 பங்கு, அவத்தை (பேஸ்) வித்தியாசம் 45 பாகை.

1 கிலோ ஓம், 1 மைக்ரோ பரட் எடுப்போம். நேர மாறிலி 1 மில்லி செக்கன், வெட்டு மீடிறன் 159 ஹேர்ட்ஸ். உள்ளீடு 1 வோல்ற்று ஆடலோட்டம். மின்னோட்டத்துக்கு முதலில் கொள்ளளவியின் எதிர்ப்பு வேண்டும்: 1 ÷ (6.28 × மீடிறன் × கொள்ளளவம்). 50 ஹேர்ட்ஸில் இது 3183 ஓம். இதைத் தடையோடு நேராகக் கூட்டக்கூடாது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 3336 ஓம். மின்னோட்டம் 0.30 மில்லி அம்பியர். தடையியில் 0.30 வோல்ற்று, கொள்ளளவியில் 0.95 வோல்ற்று.

இரண்டையும் மீற்றரால் அளந்து கூட்டினால் 1.25 வரும், கொடுத்ததோ 1. பல மாணவர்கள் இந்த இடத்தில் மீற்றரைச் சந்தேகிக்கிறார்கள். இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, அதனால்தான் வர்க்கக் கூட்டல். 0.09 உடன் 0.91, சரியாக 1.

159 ஹேர்ட்ஸில் கொள்ளளவியின் எதிர்ப்பும் 1000 ஓம், மொத்தம் 1414, மின்னோட்டம் 0.71 மில்லி அம்பியர். 1000 ஹேர்ட்ஸில் எதிர்ப்பு 159 ஓம், மின்னோட்டம் 0.99 மில்லி அம்பியர், கொள்ளளவியில் 0.16 வோல்ற்று மட்டும். மீடிறன் கூடக் கூட வெளியீடு குறைகிறது, மின்னோட்டமோ கூடுகிறது. வடிகட்டி "மறிப்பதால்" ஓட்டமும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். சைகை தரும் முன்கட்டம் அந்த 1 மில்லி அம்பியரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டமும் கொள்ளளவியின் கால்களுக்குத் தெரியும். இந்த வடிகட்டியின் பின்னால் 1 கிலோ ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள கட்டத்தை மாட்டினால் சமவலுத் தடை 500 ஓம், வெட்டு மீடிறன் 318 ஹேர்ட்ஸ், தாழ் மீடிறனிலும் பாதிதான் கிடைக்கும். 10 கிலோ ஓம் என்றால் 175 ஹேர்ட்ஸ், அது பொறுக்கலாம். அடுத்த கட்டத்தின் தடை பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற பத்து மடங்கு விதி இதுதான். ஒரே மாதிரி வடிகட்டி இரண்டை அடுத்தடுத்து மாட்டும்போதும் அப்படியே. 159 ஹேர்ட்ஸில் 0.707 × 0.707 = 0.5 வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது 0.33. இரண்டாவதில் தடையைப் பத்து மடங்கும் கொள்ளளவத்தைப் பத்தில் ஒன்றும் ஆக்கினால் 0.48 கிடைக்கும்.

மத்தளமும் பாடும் மீனும்

வடமோடி, தென்மோடிக் கூத்தை ஒலிபெருக்கியில் கேட்கும்போது மத்தளத்தின் கனத்த ஒலி காணாமல் போவதுண்டு. அம்ப்ளிபயரின் உள்ளீட்டில் தொடராக இருக்கும் கொள்ளளவியை ஒருமுறை பாருங்கள். உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம், கொள்ளளவி 104 என்றால் நேர மாறிலி 1 மில்லி செக்கன், வெட்டு மீடிறன் 159 ஹேர்ட்ஸ். 80 ஹேர்ட்ஸ் ஒலி 0.45 பங்காகிவிடும். அதே இடத்தில் 1 மைக்ரோ பரட் போட்டால் வெட்டு மீடிறன் 16 ஹேர்ட்ஸ், 80 ஹேர்ட்ஸ் 0.98 பங்கோடு வரும். இங்கே கொள்ளளவி தொடரில் இருப்பதால், மைக் அல்லது மிக்சரின் வெளியீட்டுத் தடையும் உள்ளீட்டுத் தடையோடு கூட்டப்படும், சமாந்தரமாகாது. கால்களில் இருந்து பார்த்தால் தானே தெரியும்.

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பை வாவிக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்பது நம் ஊர் வழக்கம். அதை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறவர்கள் பஸரில் இருக்கும் பீசோ வட்டை (அதிர்ந்தால் வோல்ற்றளவு தரும் தகடு) நீர் புகாமல் மூடி, நீரொலி மைக்காக்கலாம். நல்ல வேலை, செய்து பாருங்கள். ஆனால் பீசோ வட்டு தானே ஒரு கொள்ளளவி. 27 மில்லி மீற்றர் வட்டு ஒன்றுக்கு 20 நனோ பரட் என்று வைத்துக்கொள்வோம். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் நேரே மாட்டினால் நேர மாறிலி 0.2 மில்லி செக்கன், வெட்டு மீடிறன் ஏறத்தாழ 800 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே எல்லாம் தேயும். 200 ஹேர்ட்ஸில் வட்டு 20 மில்லி வோல்ற்று தந்தால் உள்ளீட்டுக்கு வருவது 5 மில்லி வோல்ற்று, மின்னோட்டம் 0.49 மைக்ரோ அம்பியர்.

உள்ளீட்டை 1 மெகா ஓம் ஆக்குங்கள். வெட்டு மீடிறன் 8 ஹேர்ட்ஸ். அதே 200 ஹேர்ட்ஸில் மின்னோட்டம் 0.02 மைக்ரோ அம்பியராகக் குறையும், உள்ளீட்டில் வருவதோ முழு 20 மில்லி வோல்ற்று. டிஎல்072 போன்ற உயர் உள்ளீட்டுத் தடையுள்ள ஒப்பாம்ப் (பெருக்கி ஐசி) ஒன்றை இடையில் வைத்தால் போதும். படகு மோட்டரின் உறுமலை வெட்ட வேண்டும் என்றால் அந்த 1 மெகா ஓமைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 82 கிலோ ஓம் வைத்தால் வெட்டு மீடிறன் 97 ஹேர்ட்ஸ்.

உயர் ஒலிகளுக்கான ருவீட்டர் ஸ்பீக்கருக்கும் இதே கணக்குத்தான், மின்னோட்டம் மட்டும் பெரிது. 8 ஓம் ருவீட்டரோடு தொடரில் 4.7 மைக்ரோ பரட்: நேர மாறிலி 37.6 மைக்ரோ செக்கன், வெட்டு மீடிறன் 4200 ஹேர்ட்ஸ் அளவில். அம்ப்ளிபயர் 10 வோல்ற்று தரும்போது அந்த மீடிறனில் 0.88 அம்பியர், 6.25 வாற்று. 1000 ஹேர்ட்ஸில் 0.29 அம்பியர், 0.66 வாற்றுத்தான். ருவீட்டரைக் காப்பாற்றுவது அந்த வித்தியாசம். இங்கே முனைவு இல்லாத கொள்ளளவிதான் வேண்டும்.

பவர் சப்ளை: ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம்

நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பாலச் சீராக்கிக்குப் பின் கொள்ளளவி 10 மில்லி செக்கனுக்கு ஒருமுறை நிரப்பப்படுகிறது. 12 வோல்ற்றில் 0.5 அம்பியர் எடுக்கும் சுமை 24 ஓமுக்குச் சமம். 2200 மைக்ரோ பரட்டோடு இறங்கும் நேர மாறிலி 53 மில்லி செக்கன். 10 மில்லி செக்கனில் விழுவது, மின்னோட்டம் × நேரம் ÷ கொள்ளளவம் என்று பார்த்தால், ஏறத்தாழ 2.3 வோல்ற்று. ஸ்பீக்கரில் 100 ஹேர்ட்ஸில் கேட்கும் உறுமலுக்கு ஒரு முக்கிய காரணம் இதுதான். ஏறும்போது எதிரே இருப்பது மாற்றியின் (டிரான்ஸ்போமரின்) சுருளும் டயோட்டும் மட்டும். அது 1 ஓம் என்றால் ஏறும் நேர மாறிலி 2.2 மில்லி செக்கன். 12 வோல்ற்றுச் சுருளின் உச்சம் 17, டயோட் இரண்டும் 1.4ஐத் தின்றுவிட்டால் 15.6 வோல்ற்று. உச்சத்தில் ஆளியைப் போட்டால் முதல் கணத்தில் 15 அம்பியருக்கு மேல். பியூஸ் சில நேரம் காரணமே இல்லாததுபோல் போவது இதனால். கொள்ளளவியை இன்னும் பெரிதாக்கினால் உறுமல் குறையும், இந்த ஏறும் ஓட்டம் நீளும்.

கடைசியாக, உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்கு. தொலைக்காட்சி, கணினிப் பவர் சப்ளைகளில் 230 வோல்ற்று நேரே சீராக்கப்படும். உச்சம் 325 வோல்ற்று. அங்கே உள்ள 100 மைக்ரோ பரட் கொள்ளளவி, பிளக்கைக் கழற்றிய பிறகும் 5.3 யூல் சக்தியோடு இருக்கும். ஸ்க்ரூட்ரைவரால் குறுக்காதீர்கள், தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான அம்பியருக்குப் பாயலாம். 220 கிலோ ஓம் தடையியை, காவலிட்ட கம்பிகளோடு, குறுக்கே பிடியுங்கள். நேர மாறிலி 22 செக்கன். தொடக்க மின்னோட்டம் 1.5 மில்லி அம்பியர், தொடக்க வலு 0.48 வாற்று, ஆகவே 1 வாற்றுத் தடையி எடுங்கள். அதன் வோல்ற்றளவுத் தாங்குதிறன் 325க்கு மேல் இருக்க வேண்டும். 50 வோல்ற்றுக்குக் கீழே வர 41 செக்கன், ஐந்து நேர மாறிலியான 110 செக்கனில் 2 வோல்ற்று அளவுக்கு இறங்கும். அதன்பின் மீற்றரை நேரோட்ட 1000 வோல்ற்று வீச்சில் வைத்து அளந்து, பூச்சியத்துக்கு அருகில் என்று கண்ட பிறகே பலகையில் கை வையுங்கள்.